வலிப்பு நோயுள்ளவருக்கு அறுவை சிகிச்சை: மாத்திரை வேளை தவறாமல் பார்த்துக்கொள்வது எப்படி

வலிப்பு நோய்க்கு மருந்து உட்கொள்பவருக்கு அறுவை சிகிச்சை என்றதும், மயக்க மருந்தே வலிப்பைக் கிளப்பிவிடுமோ என்றுதான் வீட்டார் முதலில் அஞ்சுகின்றனர். உண்மையில் புரோப்போஃபால், மிடாசோலம் போன்றவை வலிப்பை அடக்கும் இயல்புடையவை. அதைவிட அஞ்ச வேண்டியது, வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள் என்பதற்காக வலிப்பு மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிடுவதுதான்.

பொதுவாகத் திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும், தெளிந்த நீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் காலை வேளை வலிப்பு மாத்திரையை, மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லாதவரை, ஒரு மிடறு நீருடன் வழக்கமான நேரத்தில் விழுங்கிவிட வேண்டும். வயிற்று அறுவை போன்றவற்றில் பல நாள் வாய்வழியாக எதுவும் தர இயலாது. லெவெடிராசெட்டம், வால்ப்ரோயேட் ஆகிய வலிப்பு மருந்துகளை அப்போது ஊசி வழியாகத் தொடரலாம். கார்பமசெபைன், லாமோட்ரிஜின் உட்கொள்பவருக்கு அந்த வசதி பெரும்பாலும் இல்லாததால், நரம்பியல் மருத்துவரிடம் மாற்று ஏற்பாட்டை முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

மயக்கவியல் மருத்துவரைச் சந்திக்கும்போது மாத்திரை அட்டைகளையே கையில் கொண்டு செல்லுங்கள். நினைவிலிருந்து சொல்லும் மில்லிகிராம் கணக்கு பல வேளைகளில் தவறாகிவிடுகிறது. பெனிடாயின், கார்பமசெபைன் ஆகிய வலிப்பு மருந்துகளை நீண்ட நாள் உட்கொண்டவருக்கு ரோக்குரோனியம், வெக்குரோனியம் போன்ற தசைத் தளர்த்திகளின் வேலை சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் மயக்கவியல் மருத்துவர் அவற்றின் அளவைக் கூட்ட நேரலாம். வால்ப்ரோயேட் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களையும், ஆக்ஸ்கார்பசெபைன் ரத்தத்திலுள்ள சோடியத்தையும் குறைக்கக்கூடும் என்பதால் அதற்கான ரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம். கடைசியாக வலிப்பு வந்த நாள், அது தொடங்கும் விதம், நீடிக்கும் நேரம், கழுத்து நரம்பைத் தூண்டும் கருவி பொருத்தப்பட்டிருந்தால் அந்த விவரம் ஆகியவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அறுவைக்குப் பின் வலிக்கு மருந்து எழுதும்போது, டிராமடாலும் பெத்திடினும் வலிப்பைத் தூண்டக்கூடியவை என்பதால் அவற்றைத் தவிர்க்க முடியுமா என்று கேளுங்கள். வால்ப்ரோயேட் உட்கொள்பவருக்கு மெரோபெனம் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் செலுத்தினால், ரத்தத்தில் வால்ப்ரோயேட்டின் அளவு வெகுவாகச் சரிந்துவிடும். வேறு வழியின்றி மெரோபெனத்தைத் தர நேர்ந்தால் இன்னொரு வலிப்பு மருந்தும் சேர்க்கப்பட வேண்டியிருக்கும். மயக்கம் தெளியும்போது வரும் குளிர் நடுக்கத்தை வலிப்பென்று எண்ணிப் பதற வேண்டாம்; ஆனால் சந்தேகம் எழுந்தால் உடனே செவிலியரை அழையுங்கள். வலிப்பு 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் அது அவசர நிலை. மாத்திரை விழுங்கியவுடன் வாந்தி எடுத்தால் அதையும் செவிலியரிடம் சொல்லுங்கள். அந்த வேளை மருந்தை மீண்டும் தர வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

வீடு திரும்பும் நாளில், புதிய மருந்துச் சீட்டில் பழைய வலிப்பு மாத்திரைகள் அனைத்தும் அதே அளவில் எழுதப்பட்டுள்ளனவா என்று பார்த்த பிறகே கிளம்புங்கள்.