மாமா கடைக்கு எஸ்எஸ்எல் வாங்கிய கதை

சென்னிமலையில் மாமாவின் போர்வைக் கடைக்குச் சொந்த டொமைன் (இணையப் பெயர்) வாங்கி, அந்தப் பெயருக்கான ஐபிவி4 முகவரியைச் சொல்லும் ஏ ரெக்கார்டில் எங்கள் சர்வர் முகவரியைப் போட்டாச்சு. தளமும் திறந்தது. ஆனால் தளத்தின் இணைப்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்காக செர்ட்பாட் என்ற கருவியை ஓட்டினால், அதை வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு தரவில்லை. டொமைன் எங்களுடையதுதானா என்று பார்க்க அது சரிபார்ப்புக் கோப்பைக் கேட்ட இடத்தில் 404, அதாவது 'இங்கே இல்லை' என்ற பதில் வருகிறதாம்.

ஃபயர்வாலில் அந்தச் சரிபார்ப்பு வரும் 80ஆம் போர்ட் திறந்தே இருந்தது. தளத்தை வழங்கும் மென்பொருளான என்ஜின்எக்ஸின் அமைப்பை மாற்றி எழுதியும் பலனில்லை. டிஎன்எஸ் (டொமைன் பெயருக்கு முகவரி சொல்லும் பட்டியல்) மாற்றம் எங்கும் பரவட்டும் என்று காத்திருந்ததில் நாள் போனதுதான் மிச்சம்.

துப்பு கிடைத்தது மாமாவின் போனில். கடை வைஃபையில் போர்வைப் படங்கள் வந்தன. வெளியே மொபைல் டேட்டாவில் "விரைவில் வருகிறோம்" என்று யாருடையதோ ஒரு பக்கம். "என்னுங்க மாப்ள, ரெண்டு கடை தெரியுது?" என்றார்.

டிஎன்எஸ் பட்டியலின் அடியில் ஒரு ஏஏஏஏ ரெக்கார்ட். ஏ ரெக்கார்ட் போலவே, ஆனால் புதிய வகை முகவரியான ஐபிவி6-க்கு உரியது; டொமைன் விற்றவர்கள் தாமாகவே போட்டு வைத்த முகவரி அது. மாமாவின் மொபைல் டேட்டா அந்த முகவரிக்குப் போயிருக்கிறது. கடை இணைப்பில் ஐபிவி6 கிடையாது, அதனால் எங்கள் கண்ணில் படவில்லை. லெட்ஸ் என்கிரிப்டோ இரண்டும் இருந்தால் ஐபிவி6 கதவைத்தான் முதலில் தட்டும். அங்கே 404 கிடைத்தால் ஐபிவி4 பக்கம் திரும்பியே பார்க்காது. இணைப்பே கிடைக்காவிட்டால்தான் அந்தப் பக்கம் வரும்.

அந்த வரியை நீக்கினேன். பழைய பதில் நினைவில் இருக்கும் நேரமான டிடிஎல் 3600 நொடி என்பதால் ஒரு மணி நேரம் விட்டு, அப்புறம் செர்ட்பாட்டை ஓட்டினேன். சான்றிதழ் வந்துவிட்டது, அப்பாடா. தானாகப் புதுப்பிக்கும் டைமரையும் ஒருமுறை ஒத்திகை பார்த்தாயிற்று.