ஐ.சி.யூ வாசலில் காத்திருப்பவருக்கு உதவுவது எப்படி?

"ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். வேண்டியதை யோசித்துச் சொல்லுமளவுக்கு வாசலில் காத்திருப்பவருக்குத் தெம்பு இருக்காது என்பது, என் அண்ணன் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தபோதுதான் உறைத்தது.

படி 1: ஒரு நோட்டு வாங்குங்கள்

மற்றதெல்லாம் பிறகு. மருத்துவர் பேசும்போது எல்லாம் விளங்கியது போலவே இருக்கும், வெளியே வந்து "என்ன சொன்னார்?" என்று கேட்டால் பாதி நினைவிருக்காது. படித்தவர், படிக்காதவர் என்ற பேதமில்லை. பிரெஞ்சு மருத்துவர்கள் 2000-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மருத்துவரிடம் பேசிவிட்டு வந்த உறவினர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நோய், சிகிச்சை, பிழைக்கும் வாய்ப்பு இவற்றில் ஏதோ ஒன்று பிடிபடவே இல்லை.

முந்தின இரவே மூன்று கேள்விகளை எழுதி வையுங்கள். நேற்றைக்கு இன்று எப்படி? இன்று என்ன செய்யப்போகிறீர்கள்? உங்களுக்கு எது கவலையாக இருக்கிறது? மூன்றாவதற்குத்தான் மருத்துவர் சற்று நிதானித்துப் பதில் சொல்வார். குடும்பம் சம்மதித்தால் நீங்களும் கூடப் போய் எழுதிக்கொள்ளுங்கள்; முடிவில் அதை மருத்துவரிடமே படித்துக் காட்டி, சரிதானா என்று கேளுங்கள்.

எங்களிடம் முதல் நாள் "ஸ்டேபிளாக இருக்கிறார்" என்றார்கள். அண்ணி அதைப் "பிழைத்துவிட்டார்" என்று எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் சொல்லிவிட்டார். இருந்த மோசமான நிலையிலிருந்து இன்னும் கீழே இறங்கவில்லை என்பதுதான் அதன் பொருள். மறுநாள் படித்துக் காட்டியபோதுதான் தெரிந்தது.

படி 2: உள்ளே போகும் முன் சொல்லி வையுங்கள்

உள்ளே என்ன பார்க்கப்போகிறார் என்று அவரிடம் முன்பே சொல்லுங்கள். நோயாளியின் முகம் வீங்கியிருக்கலாம். வென்டிலேட்டர் என்னும் சுவாசக் கருவியின் குழாய் குரல்நாண்களுக்கு நடுவே போவதால் பேச முடியாது. குழாயைப் பிடுங்கிவிடாமலிருக்கக் கையைக் கட்டியிருக்கவும் கூடும். விரலில் மாட்டிய கிளிப் நழுவினாலே மானிட்டர் அலறும். அதைப் பார்ப்பதைவிடச் செவிலியரின் முகத்தைப் பார்ப்பது மேல். செவிலியரைக் கேட்டுக்கொண்டு கையைத் தொடலாம், பெயர் சொல்லி அழைத்து இன்று என்ன கிழமை என்று சொல்லலாம். விழித்திருப்பவரானால் மூக்குக்கண்ணாடியும் காதுக் கருவியும் மறக்கவேண்டாம். அவை இல்லாவிட்டால் குழப்பம் கூடும்.

படி 3: அவர் கையிலிருந்து தொலைபேசியை வாங்கிக்கொள்ளுங்கள்

இரவு ஒரே ஒரு செய்தி, எல்லோருக்கும், உங்கள் பெயரில். ஒரே கதையை இருபது பேருக்குச் சொல்லும் கொடுமையிலிருந்து அவர் தப்பிப்பார்.

படி 4: தூங்க அனுப்புங்கள்

"போய் ஓய்வெடுங்கள்" என்றால் போகமாட்டார். "ஆறு மணி வரை நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன், உள்ளேயிருந்து கூப்பிட்டால் உடனே உங்களை அழைக்கிறேன்" என்றால் போவார்.

படி 5: "ஒன்றும் ஆகாது" என்று சொல்லாதீர்கள்

உங்களுக்கு அது தெரியாது. அவருக்கும் தெரியும், உங்களுக்குத் தெரியாதென்று. பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள்.

படி 6: வீடு திரும்பிய பிறகும் போங்கள்

தூக்கமின்மையும் பதற்றமும் உறவினர்களுக்கு மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு. நோட்டைத் தூக்கிப் போடவேண்டாம். மயக்க மருந்தில் கிடந்தவருக்கு அந்த நாட்கள் பெரும்பாலும் நினைவிருக்காது. அண்ணன் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் கழித்து அதைக் கேட்டு வாங்கினார். முதல் பக்கத்தை அண்ணிதான் படித்துக் காட்டினார். "ஸ்டேபிள்" என்ற இடம் வந்ததும் இருவரும் சிரித்துவிட்டார்கள்.