பிக்கிளில் சேமித்த ஒப்ஜெக்ட் திரும்ப வரவில்லையா? பைத்தன் தொடக்கநிலையாளருக்கு ஒரு செய்முறை

கொழும்பு புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடைக்கு இருப்புக் கணக்கு நிரல் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சேலைக்கும் ஒரு ஒப்ஜெக்ட். அதில் பெயர், விலை, எண்ணிக்கை. (பைத்தன் 3 இல் கிளாஸுக்கு ‘சேலை’ என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம்.) கடை பூட்டும்போது முழுப் பட்டியலையும் பிக்கிள் (ஒப்ஜெக்ட்டை அப்படியே கோப்பில் சேமித்துத் திரும்ப வாசிக்கும் பைத்தன் மொடியூல்) கொண்டு கோப்பில் எழுதுகிறீர்கள். மறுநாள் காலையில் திறந்தால் பிழைச் செய்தி. உயர்தர ஐ.சி.ரி. பாடத்தில் கற்ற பைத்தன் அறிவே இதைச் சரிசெய்யப் போதும்.

படி 1: செய்தியின் கடைசி வரியை முதலில் வாசியுங்கள். பிழையின் வகை அங்கேதான் இருக்கும். அதைப் பார்க்காமல் நிரலை மாற்றத் தொடங்கினால் இன்னொரு பிழைதான் சேரும்.

படி 2: கோப்பைத் திறந்த முறையைப் பாருங்கள். பிக்கிள் எழுதுவது எழுத்துகளை அல்ல, பைட்டுகளை. ஆகவே சேமிக்க ‘டபிள்யூபி’, வாசிக்க ‘ஆர்பி’. ‘பி’ விடுபட்டால் டைப்எரர் அல்லது யூனிகோட்டிகோட்எரர் வரும்.

படி 3: ‘ஈஓஎஃப்எரர்: ரன் அவுட் ஒஃப் இன்புட்’ என்று வந்தால் கோப்பின் அளவைப் பாருங்கள். பெரும்பாலும் 0 பைட்டாக இருக்கும். ‘டபிள்யூபி’ முறையில் திறந்த கணமே பழைய தரவு அழிந்துவிடும். அதன் பிறகு நிரல் நின்றால் கையில் ஒன்றும் மிஞ்சாது. இதற்கு நல்ல வழி: முதலில் வேறொரு தற்காலிகப் பெயரில் எழுதுங்கள். எழுதியது வட்டுக்குப் போய்ச் சேர பிளஷ், ஓஎஸ்.எஃப்சிங்க் இரண்டையும் அழைத்துக் கோப்பை மூடுங்கள். கடைசியில் ஓஎஸ்.ரீபிளேஸ் மூலம் உண்மையான பெயருக்கு மாற்றுங்கள். 2022 மின்வெட்டுக் காலத்தைக் கடந்த நமக்கு இந்தச் சில வரிகள் ஏன் தேவை என்று விளக்க வேண்டியதில்லை.

படி 4: ‘கான்ட் கெட் அட்ரிபியூட் சேலை’ என்று வரும் அட்ரிபியூட்எரர். இங்கே கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள். பிக்கிள் கோப்பில் உங்கள் கிளாஸின் நிரல் இல்லை. கிளாஸ் எந்த மொடியூலில் இருக்கிறது, அதன் பெயர் என்ன, ஒப்ஜெக்டின் மதிப்புகள் என்ன என்பவை மட்டுமே இருக்கின்றன. வீட்டு விலாசம் எழுதிய தபாலுறை போல: வீடு மாறினால் தபால் போய்ச் சேராது. சேமித்த நிரலிலேயே கிளாஸை எழுதி நேரடியாக ஓட்டினால் விலாசம் ‘__மெயின்__’ என்று பதிவாகும். இன்னொரு நிரலிலிருந்து வாசிக்கும்போது அங்கே உள்ள ‘__மெயின்__’ வேறு. அதில் சேலை இல்லை. கிளாஸைத் தனிக் கோப்பில் வைத்து இரண்டு நிரல்களிலும் இம்போர்ட் செய்யுங்கள். பிறகு பட்டியலைப் புதிதாக ஒருமுறை சேமியுங்கள்; பழைய கோப்பில் பழைய விலாசம்தான் இருக்கும்.

இதே காரணத்தால் இன்னொரு சிக்கலும் வரும். கிளாஸில் ‘நிறம்’ என்று புதிதாகச் சேர்க்கிறீர்கள். பழைய கோப்பு பிழையின்றித் திறக்கும், ஆனால் நிறத்தைக் கேட்ட இடத்தில் நிரல் விழும். புதிய ஒப்ஜெக்டுக்குத் தொடக்க மதிப்புகளை வைக்கும் ‘__இனிட்__’ ஐ, வாசிக்கும்போது பிக்கிள் வழக்கமாக அழைப்பதில்லை என்பதே காரணம். வாசித்த மதிப்புகளை ஒப்ஜெக்டில் வைக்கும் ‘__செட்ஸ்டேட்__’ மெதட்டைக் கிளாஸில் எழுதி, இல்லாத நிறத்துக்கு ஒரு தொடக்க மதிப்பைக் கொடுங்கள்.

படி 5: சேமிக்கும்போதே பிக்கிள் மறுத்தால், ஒப்ஜெக்டுக்குள் திறந்த கோப்போ, தரவுத்தள இணைப்போ, லாம்டாவோ (பெயரில்லாத சிறு ஃபங்ஷன்) இருக்கிறதா என்று தேடுங்கள். இவற்றைப் பிக்கிள் எழுதாது. சேமிக்க வேண்டிய மதிப்புகளைத் தரும் ‘__கெட்ஸ்டேட்__’ மெதட்டை எழுதி, அதில் அவற்றை நீக்கிவிடலாம்.

படி 6: ‘அன்சப்போர்ட்டட் பிக்கிள் புரொட்டகோல்: 5’ என்றால், வாசிக்கும் கணினியில் இருப்பது 3.8 இற்கு முந்திய பைத்தன். அதைப் புதுப்பியுங்கள், அல்லது சேமிக்கும்போது புரொட்டகோல் (பிக்கிள் கோப்பு வடிவத்தின் பதிப்பு) 4 என்று குறிப்பிடுங்கள்.

வேறொருவர் வட்ஸ்அப்பில் அனுப்பிய பிக்கிள் கோப்பை ஒருபோதும் லோட் செய்யாதீர்கள். லோட் ஆகும்போதே அதில் மறைந்திருக்கும் எந்தக் கட்டளையும் உங்கள் கணினியில் இயங்கிவிடலாம். பலரோடு பகிரும் இருப்புப் பட்டியலுக்கு, தரவை எழுத்துகளாகவே சேமிக்கும் ஜேசன் வடிவம் போதும்; ‘என்ஷூர்_அஸ்கி’ ஐ ஃபோல்ஸ் ஆக்கி யூடிஎஃப்-8 இல் எழுதினால் தமிழ்ப் பெயர்களைக் கோப்பைத் திறந்தே வாசிக்கலாம்.