இருபது பூவுக்கு ரியாக்ட் எதற்கு? ஃபிரேம்வொர்க் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோவாளை மலர்ச்சந்தையில் விடியற்காலையிலேயே வியாபாரம் சூடு பிடித்துவிடும். பிச்சி என்ன விலை, மல்லி என்ன விலை என்று கேரளத்திலிருந்தெல்லாம் போன் வந்துகொண்டே இருக்கும். அங்கே கமிஷன் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், அன்றைய விலையைக் காட்ட ஒரு வெப் ஆப் செய்து தரச் சொன்னார். இருபது பூ, இருபது விலை, காலையில் நாலைந்து தடவை மாறும். வேலை அவ்வளவுதான். நான் ரியாக்ட் போட்டேன். ஆப்பின் திரைகளைக் கட்டத் தயாராகக் கிடைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் கோடு அது; இந்த வகையைப் பொதுவாக ஃபிரேம்வொர்க் என்பார்கள். கூடவே ஸ்டேட்டுக்கு, அதாவது ஆப்புக்குள் மாறிக்கொண்டே இருக்கும் தகவலுக்கு, ஒரு லைப்ரரி, அழகான பட்டன்களுக்கு ஒரு காம்போனென்ட் கிட், தேதி காட்ட இன்னொன்று. நாகர்கோவிலில் என் லேப்டாப்பில் சட்டென்று திறந்தது. சந்தையில் அண்ணாச்சியின் பழைய ஆண்ட்ராய்டு போனில் வெள்ளைத் திரைதான். "தம்பி, இது தொறக்கதுக்குள்ள பூ வாடிரும்" என்றார்.

உள்ளே நடப்பது இதுதான். இப்படிக் கட்டிய ஆப்பில், சர்வரிலிருந்து முதலில் வரும் எச்டிஎம்எல்லுக்குள் ஒரு வெற்று டிவ், அதாவது காலிப் பெட்டி, மட்டும் இருக்கும். ஜாவாஸ்கிரிப்ட் முழுவதும் இறங்கி, போன் அதைப் படித்து ஓட்டி, அப்புறம் விலை கேட்டு ஏபிஐக்கு (சர்வர் தகவல் தரும் வாசலுக்கு) போய், பதில் வந்த பிறகுதான் திரையில் விலை தெரியும். நெட் நன்றாக இருந்தாலும் மலிவு போனின் பிராசசர் அந்த ஜாவாஸ்கிரிப்டை ஓட்டி முடிக்கத் திணறும். லேப்டாப்பில் சோதிக்கிறவனுக்கு இது தெரியவே தெரியாது.

பழியை முழுக்க ரியாக்ட் தலையில் போடுவதும் தப்பு. ரியாக்ட், அதைப் பிரவுசரோடு இணைக்கும் ரியாக்ட்-டாம் இரண்டும் சேர்ந்து, சுருக்கிய பிறகும் 40 கேபிக்கு மேல் வரும். 'வெள்ளிக்கிழமை' என்று தமிழில் காட்டுவதற்காக நான் சேர்த்த மொமென்ட்.ஜேஎஸ் என்ற தேதி லைப்ரரி, எல்லா மொழிக் கோப்புகளோடும் 70 கேபி பக்கம். அதே தேதியைத் தமிழில் காட்ட பிரவுசருக்குள்ளேயே இன்டில் என்ற வசதி இருக்கிறது. தனியாக எதையும் இறக்க வேண்டாம். புது புராஜெக்டுக்கு எங்களை எடுக்காதீர்கள் என்று மொமென்ட்டைச் செய்தவர்களே 2020-இல் சொல்லிவிட்டார்கள். நான்தான் பழக்கதோஷத்தில் எடுத்தேன். ஃபிரேம்வொர்க்கை மட்டும் எடை போட்டுவிட்டு, அதன் பின்னால் வரும் கூட்டத்தை எண்ணாமல் விடுவது எல்லாரும் செய்கிற தவறு.

இப்போது விலைப் பக்கம் சர்வரிலேயே தயாராகி வருகிறது. விலை மாறினால் புதுப்பிக்க முப்பது வரி சாதா ஜாவாஸ்கிரிப்ட். அண்ணாச்சி விலை ஏற்றுகிற உள்பக்கம் மட்டும் ரியாக்டின் சின்ன மாற்றான பிரீயாக்டில், அது சுமார் 4 கேபி. எந்த ஃபிரேம்வொர்க் என்று கேட்பதற்கு முன்னால், இந்தப் பக்கத்துக்கு ஒன்று தேவையா என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் கேட்டிருந்தால் மூன்று வாரம் மிச்சம்.

ஃபிரேம்வொர்க்குகளின் வேகத்தை ஒப்பிடும் பெஞ்ச்மார்க் அட்டவணை பார்த்து முடிவு செய்பவர்கள் உண்டு. அந்தச் சோதனைகளில் ஆயிரம் வரி, பத்தாயிரம் வரி டேபிளை உருவாக்கி அழித்துப் பார்ப்பார்கள். அங்கே சாலிட், ஸ்வெல்ட் என்ற வேறு இரண்டு ஃபிரேம்வொர்க்குகள் ரியாக்டை முந்துவது உண்மைதான். தோவாளையில் பூ இருபதுதான்.

கூகுளின் ஃபிரேம்வொர்க்கான ஆங்குலரையும் ரியாக்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது இன்னொரு குழப்பம். ஆங்குலரில் பக்கம் மாற்றும் ரவுட்டர், ஃபார்ம், சர்வரோடு பேசும் எச்டிடிபி எல்லாம் சேர்ந்தே வரும். ரியாக்ட் திரையை வரைகிற லைப்ரரி. மற்றதை நீங்கள்தான் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆறு பேர் சேர்ந்து பெரிய பில்லிங் ஆப் எழுதும்போது, ஆளுக்கொரு விதமாக எழுதவிடாத ஆங்குலரின் கண்டிப்பு நல்லது. ஒருவர் மட்டும் எழுதும் சின்ன ஆப்புக்கு அதுவே தலைவலி.

நம் ஊரில் எல்லாவற்றையும்விட முக்கியமானது வேறு ஒன்று. இங்கே கோடு எழுதப் பழகும் பிள்ளைகளில் பலர் சீக்கிரமே திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கோ பெங்களூருக்கோ போய்விடுவார்கள். மார்த்தாண்டத்தில் தேன் விற்கும் கடை ஒன்றின் ஆர்டர் ஆப் அப்படித்தான் என் கைக்கு வந்தது. எழுதியவர் ஊரில் இல்லை. வியூ என்ற இன்னொரு ஃபிரேம்வொர்க்கின் இரண்டாம் பதிப்பான வியூ 2-இல் எழுதியிருந்தார். வியூ 3 வந்தது 2020 செப்டம்பரில். வியூ 2-க்கான ஆதரவு 2023 டிசம்பர் 31-உடன் முடிந்தது. வியூவை மட்டும் மாற்றுவது பெரிய வேலை இல்லை. அவர் நம்பியிருந்த காம்போனென்ட் கிட் வியூ 3-க்கு வரவே இல்லை என்பதால், திரைகளைத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. கடைக்காரருக்குப் புதிதாக ஒரு வசதியும் கிடைக்கவில்லை, பில் மட்டும் வந்தது.

அதனால் ஒரு ஃபிரேம்வொர்க்கை எடுக்கும் முன், கடைசிப் பெரிய மாற்றத்தின்போது பழைய ஆட்களை எப்படி நடத்தினார்கள் என்று பாருங்கள். ஆங்குலரின் பழைய வடிவமான ஆங்குலர்ஜேஎஸ்ஸை கூகுள் 2016-இல் அடியோடு மாற்றி எழுதியபோது பழைய ஆப்கள் நட்டாற்றில் நின்றன. அப்புறம் பாடம் படித்து, ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் பதினெட்டு மாத ஆதரவு என்று ஒழுங்குக்கு வந்தார்கள். பயிற்சி வீடியோக்களில் இன்றும் முதல் அடியாகச் சொல்லப்படும், புது ரியாக்ட் ஆப்பைத் தொடங்கித் தரும் கருவியான கிரியேட் ரியாக்ட் ஆப்பை ரியாக்ட் குழுவே 2025 பிப்ரவரியில் ஓரங்கட்டிவிட்டது. வீடியோ எந்த வருடத்தது என்று பார்க்காமல் தொடங்கினால் முதல் நாளே பழைய சரக்கு.

கன்னியாகுமரியில் லாட்ஜ், ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்களுக்கு வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அவர்களுக்கு ஆள் வருவதே வாட்ஸ்அப்பில் அனுப்பும் லிங்க் வழியாகத்தான். அந்த லிங்குக்கு முன்னோட்டம் எடுக்கும் வாட்ஸ்அப் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாது. தலைப்பும் படமும் சர்வர் அனுப்பும் எச்டிஎம்எல்லிலேயே இல்லையென்றால், சூரிய உதயம் தெரியும் அறைக்கும் பின்பக்க அறைக்கும் ஒரே மொட்டை லிங்க்தான் போகும். இதை டிசைன் முடிந்த பிறகு கண்டுபிடித்தால் பாதி வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

டூடூ லிஸ்ட் (செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்) ஆப் எழுதிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதில் எல்லா ஃபிரேம்வொர்க்கும் அழகாகத்தான் இருக்கும். ஆப்பிலேயே கஷ்டமான ஒரு திரையை எடுத்து இரண்டு நாள் எழுதிப் பாருங்கள். வேகத்தைச் சோதிக்க குரோமில் சிபியுவைக் குறைத்துப் பார்க்கும் வசதி இருக்கிறது, ஓரளவுக்கு உதவும். நான் வடசேரியில் செகண்ட்ஹேண்டாக ஒரு போன் வாங்கி வைத்திருக்கிறேன். 2 ஜிபி ராம், ஓரத்தில் கீறல். எந்தப் புது ஆப்பின் முதல் திரையும் இப்போது அதில்தான் முதலில் திறக்கிறது.