கவனம் சிதறும் நிரலாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழக்கரை, மண்டபம், பாம்பன் பகுதிகளில் வீட்டிலிருந்தபடியே வெளியூர் நிறுவனங்களுக்கு நிரல் எழுதும் இளைஞர்கள் சிலருக்கு நான் வழிகாட்டி வருகிறேன். தமக்கு ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் கோளாறு) இருக்குமோ என்று ஐயுறுபவர்கள் ஒரே தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். கைப்பேசியை அணைத்து வைக்கும் அறிவுரை எல்லோருக்கும் தெரிந்ததே என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

"கிட்டத்தட்ட முடிந்துவிட்டது" என்று சொல்வது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். கீழக்கரைத் தம்பி ஒருவரிடம், வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பும் பகுதி ஒப்படைக்கப்பட்டிருந்தது. காலைக் கூட்டத்தில் நாள்தோறும் "கிட்டத்தட்ட முடிந்துவிட்டது" என்றே சொல்லி வந்தார். கோப்பில் இருந்ததோ ஒரு ஃபங்ஷனின் பெயர் மட்டும். அவர் சோம்பேறி அல்லர். வங்கி சர்வர் பதில் தராவிட்டால் மறுபடி அனுப்புவதா, காத்திருப்பதா என்பது தெரியாமல் தொடங்கவே முடியாது திணறினார். அதை மறைக்க ஒரு பொய், அந்தப் பொய்யைக் காக்க மறுநாள் இன்னொன்று. கெடுவுக்கு முந்தைய இரவு, சுபுஹு பாங்கு கேட்கும்வரை விழித்திருந்து எழுதி முடித்தார். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அது ஏற்கெனவே நிறைவேறிவிட்டதா என்று சோதிக்கும் வரிகள் அதில் விடுபட்டிருந்தன. சிலருக்குப் பணம் இருமுறை போய்ச் சேர்ந்தது. முதல் நாளே கேட்டிருந்தால் ஒரே அழைப்பில் தீர்ந்திருக்கும்.

வேலை கைக்கு வந்த அன்றே, எந்தக் கோப்பில் எதை முதலில் எழுதுவீர்கள் என்று உரக்கச் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லையெனில், விடை தெரியாத கேள்வி ஒன்று பெரும்பாலும் வழியை மறித்து நிற்கும். அதை எழுதி மூத்தவருக்கு அனுப்புங்கள். அரைகுறை நிரலானாலும் மாலைக்குள் வரைவு புல் ரெக்வெஸ்டாக (எழுதிய நிரலைக் குழுவினர் பார்த்துக் கருத்துச் சொல்ல முன்வைப்பது) போட்டுவிடுங்கள்.

நண்பரின் மாத்திரையை விழுங்குவது

ஏடிஹெச்டிக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை இதயத்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தக்கூடியது. மருத்துவர் எழுதித் தராமல் தொடாதீர்கள்.

காணொளி பார்த்து ஏடிஹெச்டி என்று முடிவு கட்டுவது

இரவுப் பணி செய்து பகலில் அரைத்தூக்கம் தூங்குபவருக்கும் கவனம் சிதறும். தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றிலும் அப்படியே. 2013-இல் வெளியான டிஎஸ்எம்-5 என்னும் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் வரையறைப்படி, அறிகுறிகள் பல 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். பணியிடம் தவிர வேறு சூழலிலும் தென்பட வேண்டும். ஏர்வாடியில் 2001-இல் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதை மறக்காத நம் கரையில், மனநல மருத்துவர் என்றாலே வீட்டார் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவரிடம்தான் போக வேண்டும். சிறுவயதில் உங்களை அருகிருந்து பார்த்த அம்மாவையோ அக்காவையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். அதற்கு முன் பேசிப் பார்க்க விரும்பினால், 14416 என்ற, அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.