பெங்களூரில் இன்னொரு மாவு பாக்கெட்: கூட்டத்தில் தனித்துத் தெரிய என்ன செய்வது?

எஜிபுரா, விவேக்நகர் பக்கம் ஏதாவது ஒரு மளிகைக் கடையின் ஃப்ரிட்ஜைப் பாருங்கள். பால் பாக்கெட்டுக்குக் கீழ்த்தட்டில் நாலைந்து கம்பெனி இட்லி மாவு குவிந்திருக்கும். சோடா இல்லை, கெமிக்கல் இல்லை, அம்மா கைப்பக்குவம் என்று எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். நீங்களும் அதையே அச்சடித்தால், வாங்குபவர் விலையை மட்டும்தான் பார்ப்பார். விலையில் பெரிய கம்பெனியோடு மோதவே கூடாது. 2005இல் இதே ஊரில் சின்னதாகத் தொடங்கிய ஐடி ஃப்ரெஷ் இன்று பல ஊர்களுக்கு மாவு அனுப்புகிறது. அவர்களுக்குக் கிடைக்கும் அரிசி விலை உங்களுக்குக் கிடைக்காது. மற்ற பாக்கெட்டுகளில் மக்கள் சலித்துக்கொள்ளும் ஒரே ஒரு குறையைப் பிடியுங்கள். அதை நிஜமாகவே தீர்த்து, தீர்த்ததை பாக்கெட்டின் மேலேயே காட்டுங்கள்.

குறையைக் கண்டுபிடிக்க, நீங்கள் விற்கப்போகும் தெருக்களில் கிடைக்கும் எல்லா மாவையும் ஒரே நாளில் ஒவ்வொன்று வாங்குங்கள். தராசில் வையுங்கள், எடை குறைவதும் உண்டு. பிறகு பெயர் தெரியாதபடி ஒரே மாதிரி பாத்திரங்களில் ஊற்றி 1, 2, 3 என்று எழுதி, முதல் நாள் இட்லி, இரண்டாம் நாள் தோசை, மூன்றாம் நாள் மறுபடி தோசை சுட்டுப் பாருங்கள். ருசி பார்க்கச் சொந்தக்காரர்களைக் கூப்பிட வேண்டாம், அவர்கள் மனசு நோகாமல்தான் பேசுவார்கள். கடைக்காரரிடம் ஒரே கேள்வி போதும்: “அண்ணா, எது திரும்பி வருது, என்ன சொல்லித் திருப்புறாங்க?” ஆன்லைன் விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் விட்டுவிடுங்கள். விஷயம் இருப்பது இரண்டிலும் மூன்றிலும்தான்.

அநேகமாக இந்தக் குறைகள்தான் வரும்: வாங்கிய அன்றே புளிக்கிறது, பை உப்பி வெடிக்கிறது, ஒரு கிலோ இரண்டு பேருக்கு அதிகம், இட்லி வந்தால் தோசை வரவில்லை. எல்லாவற்றையும் தீர்க்கக் கிளம்பாதீர்கள். மாரத்தஹள்ளி, மடிவாளா பக்கம் இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீடுகள்தான் உங்கள் வாடிக்கை என்றால், அரை கிலோ பாக்கெட் போட்டு, சீக்கிரம் புளிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ பழைய தமிழ்க் குடும்பங்களுக்கு விற்கிறீர்கள் என்றால் கதை வேறு. பெங்களூரில் பல வீடுகளில் இட்லி ரவை போட்டு இட்லி செய்வார்கள். அதன் சொரசொரப்பு பிடிக்காதவர்கள், புழுங்கலரிசியை நைசாக அரைத்த மாவைத் தேடி வருவார்கள்.

புளிப்பை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் புகார் அதிகம் வருவது அதில்தான். பெங்களூரில் டிசம்பர் ராத்திரி 15, 16 டிகிரிக்கு இறங்கும். ஏப்ரல் ராத்திரி 22 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். வெயில் காலத்தில் எட்டு மணி நேரத்தில் பொங்கும் மாவு, குளிர் காலத்தில் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம்கூட எடுக்கும். கடிகாரத்தை மட்டும் நம்பி பேக் செய்தால் ஏப்ரலில் புளிக்கும், டிசம்பரில் கல் மாதிரி இட்லி வரும்.

அளவு: இட்லி அரிசி 4 கிலோ, தோல் நீக்கிய முழு உளுந்து 1 கிலோ, வெந்தயம் இரண்டு ஸ்பூன். அரிசி நாலைந்து மணி நேரம் ஊறட்டும், உளுந்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும். உளுந்தை ஃப்ரிட்ஜ் தண்ணீர் தெளித்து 25, 30 நிமிடம் அரையுங்கள். கிரைண்டர் கல் சூடேறினால் மாவும் சூடாகும், அந்தச் சூட்டோடு பைக்குள் போனால் புளிப்பு முந்திக்கொள்ளும். ஒரு சொட்டு உளுந்து மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். ஊறப்போடும் முன் இருந்த அரிசி, உளுந்து எடையில் கிலோவுக்கு 15 கிராம் கல்லுப்பு. முழுசாகப் பொங்க விடாதீர்கள். பொங்கிய மாவைப் பையில் அள்ளி ஊற்றும்போது காற்று போய்விடும், இட்லி தட்டையாகும். பாதி பொங்கியதும் பேக் செய்து 4 டிகிரிக்கு இறக்குங்கள். குளிரில் நொதிப்பது மெதுவாகும், நிற்காது. அதனால் அரை கிலோ மாவுக்கு முக்கால் லிட்டர் பிடிக்கும் பை வேண்டும்.

இவ்வளவு செய்தும் பை வெடித்தால், காரணம் பெரும்பாலும் கடையில் இருக்கும். கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி ஃப்ரிட்ஜை அணைத்துவிடும் கடைகள் உண்டு. சண்டை போட வேண்டாம். ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டரை உள்ளே வைத்து, காலையில் சரக்கு போடும்போது படித்துப் பாருங்கள். 10 டிகிரிக்கு மேல் காட்டும் கடைக்கு அன்றாடம் விற்றுத் தீரும் அளவு மட்டும் போடுங்கள்.

இப்போது நிரூபணம். தேதியோடு அரைத்த நேரத்தையும் போடுங்கள்: “செவ்வாய் மாலை 5 மணிக்கு அரைத்தது”. கூடவே “முதல் நாள் இட்லி, இரண்டாம் நாள் தோசை, மூன்றாம் நாள் பணியாரம்” என்று ஒரு வரி. ஸ்டிக்கரைக் காலிப் பையிலேயே ஒட்டிவிடுங்கள். குளிர்ந்த பிறகு ஒட்டினால் பையில் நீர் கோத்து, ஸ்டிக்கர் கழன்று வரும்.

மாவுப் பை நிமிர்ந்து நிற்காது. அடிப்பாகம் மடிந்து சரியும், பக்கத்துப் பை மேலே சாயும். கண்ணில் படுவது மேல் மூன்றில் ஒரு பங்கு மட்டும்தான். பெயரும் அரைத்த நேரமும் அங்கேதான் இருக்க வேண்டும். டிசைனரின் கம்ப்யூட்டரில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். மாதிரிப் பையில் தண்ணீர் நிரப்பி, கடை ஃப்ரிட்ஜில் போட்டு, ஐந்தடி தள்ளி நின்று கண்ணாடி வழியாகப் பாருங்கள். சட்டம் கேட்கும் விவரங்கள், அதாவது 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண், சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி, நிகர எடை, எம்.ஆர்.பி., சேர்மானம், தேதிகள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தே ஆக வேண்டும். கன்னடத்திலும் தமிழிலும் சேர்த்துப் போட்டால் நல்லது. “ஃப்ரெஷ்”, “நேச்சுரல்” போன்ற வார்த்தைகளை இஷ்டத்துக்குப் போட முடியாது, அவற்றுக்கு விதி இருக்கிறது. பெயரை டிரேட்மார்க் தளத்தில், மாவு போன்ற உணவுப் பொருட்கள் வரும் 30ஆம் வகுப்பில் தேடிவிட்டு வையுங்கள். அம்மா, பாட்டி, ஆச்சி எல்லாம் ஏற்கெனவே கூட்டமாக நிற்கிறார்கள்.

விலை வைக்கும்போது திரும்பி வரும் பாக்கெட்டை மறந்துவிடாதீர்கள். 45 ரூபாய் பாக்கெட், கடைக்கு 15 சதவீதம், நூற்றுக்குப் பத்து திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்ற 90க்கு உங்கள் கைக்கு வருவது 3,442 ரூபாய். அதாவது செய்த ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 34 ரூபாய் சொச்சம். அரிசி, உளுந்து, பை, கரண்ட், பெட்ரோல், உங்கள் கூலி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ராகி, கம்பு, சோளம் என்று ஆரம்பத்திலேயே ரகம் சேர்ப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒவ்வொன்றும் நாலு நாலு விற்கும், மிச்சம் புளித்துத் திரும்பும்.

முதலில் மூன்று கடை, மூன்று வாரம். இலவச சாம்பிளை நல்லா இருக்கு என்று சொல்லாதவர் கிடையாது, அதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். மறுபடி காசு கொடுத்து வாங்குகிறார்களா என்பதைத்தான் கடைக்காரரிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும். மூன்றாவது வாரமும் பத்து சதவீதத்துக்கு மேல் திரும்பினால் நாலாவது கடையைத் தேடாதீர்கள். திரும்பிய பைகளில் அரைத்த நேரத்தைப் பார்த்து, அதற்கு ஏற்ப அரைக்கும் நேரத்தையும் அளவையும் மாற்றுங்கள்.