திசை மட்டும் தெரிந்தால் போதுமா? தூரத்துக் கப்பலின் போக்கையும் வேகத்தையும் வரைந்து கண்டுபிடிக்கலாம்

தூரத்தில் ஒரு கப்பல் போகிறது. ரேடார் இல்லை, கையில் இருப்பது திசைகாட்டியும் கடிகாரமும்தான். அது எந்தப் பக்கம் போகிறது, எத்தனை நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது சுமார் 1.85 கி.மீ.) வேகம் என்று சொல்ல முடியுமா? முடியும். ஆனால் ஒரே இடத்தில் நின்றுகொண்டு நூறு தடவை பார்த்தாலும் வேகம் மட்டும் கிடைக்காது. ஏனென்றால், பக்கத்தில் மெதுவாகப் போகும் படகும், இரண்டு மடங்கு தூரத்தில் அதே பக்கமாக இரண்டு மடங்கு வேகத்தில் போகும் கப்பலும் நம் திசைகாட்டியில் ஒரே எண்களைத்தான் காட்டும். இந்த முடிச்சை அவிழ்க்க நாம்தான் நகர வேண்டும். சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு போகும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கும் இதே சிக்கல்தான்.

தேவையானவை: ஒரு தாள், ஸ்கேல், பாகைமானி, இணைகோடு வரைய இரண்டு மூலைமட்டங்கள். அளவு 1 கடல் மைலுக்கு 2 செ.மீ. கப்பல் போக்கையும் வேகத்தையும் மாற்றாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மாற்றினால் படம் முழுக்க வீண்.

முதலில் மூன்று திசைகள்

நம் படகை நிறுத்திவிட்டு, சரியாக 12 நிமிடத்துக்கு ஒரு தடவை கப்பல் இருக்கும் திசையைக் குறிக்கிறோம். வடக்கிலிருந்து வலமாக அளந்தால் 10:00-க்கு 045 பாகை, 10:12-க்கு 026½, 10:24-க்கு 000. (எண் மாறவே மாறாமல் கப்பல் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தால் பென்சிலைக் கீழே போடுங்கள். அது மோதப் போகிற அறிகுறி, கடல் விதிகளிலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறது.)

தாளின் கீழ்ப் பக்கம், நடுவில் ஒரு புள்ளி வையுங்கள், பெயர் அ. அதிலிருந்து மூன்று திசைக்கும் மூன்று கோடுகள், நீளமாகவே இழுங்கள்.

போக்கைக் கண்டுபிடிப்பது

கப்பல் ஒரே வேகத்தில் போவதால் முதல் 12 நிமிடத்தில் போன தூரமும் அடுத்த 12 நிமிடத்தில் போன தூரமும் சமம். ஆகவே மூன்று கோடுகளையும் வெட்டுகிற ஒரு நேர்கோடு வேண்டும், நடுக்கோடு அதைச் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும். ஸ்கேலை அப்படியும் இப்படியும் சாய்த்துத் தேடலாம், நானும் முதலில் அதைத்தான் செய்தேன், எரிச்சல்தான் மிச்சம். பள்ளியில் படித்த இணைகரம் இங்கே கைகொடுக்கும்: அதன் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று சரிபாதியாக வெட்டும், இல்லையா?

நடுக்கோட்டில் அ-விலிருந்து 10 செ.மீ. தள்ளி ப என்று குறியுங்கள். ப வழியாக மூன்றாம் கோட்டுக்கு இணையாக ஒரு கோடு போட்டால் அது முதல் கோட்டை க-வில் வெட்டும். அதே ப வழியாக முதல் கோட்டுக்கு இணையாகப் போட்டால் மூன்றாம் கோட்டை ச-வில் வெட்டும். க-விலிருந்து ச-வுக்குப் போகும் கோடுதான் கப்பலின் போக்கு. நம் படத்தில் அது நேர் மேற்கே, அதாவது 270 பாகை. நீளம் ஏறக்குறைய 4.5 செ.மீ. வரும், இந்த நீளத்தை வைத்து வேகம் சொல்லிவிடாதீர்கள், 10 செ.மீ. என்பது நாம் சும்மா எடுத்த எண்.

இப்போது நாம் நகர்கிறோம்

10:24-க்குக் கிளம்பி 10 நாட் வேகத்தில் கிழக்கே 12 நிமிடம் ஓடி நிற்கிறோம், அது 2 கடல் மைல். தாளில் அ-வுக்கு வலப்புறம் 4 செ.மீ. தள்ளி ஆ என்ற புள்ளி. (படகு வேகம் பிடிக்கும் நேரத்தை விட்டுவிட்டேன், நிஜத்தில் எவ்வளவு நகர்ந்தீர்களோ அதைப் போடுங்கள்.) கப்பல் இருக்கும் திசைக்குக் குறுக்கே நகர்வது முக்கியம், அதை நோக்கியே போனால் புதிதாக எதுவும் தெரியாது.

10:36-க்கு ஆ-விலிருந்து பார்த்தால் 315.

க-ச கோட்டை ச-வுக்கு அப்பால் இன்னும் பாதி நீளத்துக்கு நீட்டி, முனையில் த என்று குறியுங்கள். நாம் நகராமல் அ-விலேயே இருந்திருந்தால் 10:36-க்குக் கப்பல் அ-த கோட்டில்தான் தெரிந்திருக்கும், தூரம் எதுவாக இருந்தாலும் சரி. அந்தக் கோட்டை நீட்டுங்கள், ஆ-விலிருந்து 315-க்கு ஒரு கோடு போடுங்கள். இரண்டும் வெட்டும் இடத்தில் கப்பல் இருக்கிறது. ஆ-விலிருந்து அளந்தால் 11.3 செ.மீ., அதாவது 5.65 கடல் மைல் சொச்சம்.

கடைசியாக, அந்த வெட்டுப்புள்ளி வழியாக க-ச-வுக்கு இணையாக ஒரு கோடு போட்டு, முதல் கோட்டை வெட்டும் வரை அளக்கிறோம். 12 செ.மீ., 6 கடல் மைல், 36 நிமிடம். வேகம் 10 நாட்.

எவ்வளவு நம்பலாம்?

இதுதான் பலரும் கேட்காத கேள்வி. நடுத் திசையை மட்டும் 026½-க்குப் பதில் 027½ என்று வைத்து மறுபடி வரைந்து பார்த்தேன். ஒரே ஒரு பாகைதான். போக்கு 265½ ஆனது, அது பரவாயில்லை. வேகம் 13 நாட்டுக்குப் போய்விட்டது! கடைசித் திசையில் ஒரு பாகை தவறினாலோ முக்கால் நாட்டுக்கும் குறைவாகத்தான் மாறுகிறது. ஆடும் படகில் ஒரு பாகை தவறுவது சாதாரணம், அதனால் ஒவ்வொரு நேரத்திலும் இரண்டு மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுங்கள், அடுத்தடுத்துப் பார்க்கும் இடைவெளியையும் கூட்டுங்கள்.

இன்னொரு விஷயம், நீரோட்டம் உங்களையும் கப்பலையும் சேர்த்தே இழுத்துப் போகும். ஆகவே கிடைப்பது தண்ணீரை ஒப்பிட்ட வேகம், கடலடித் தரையை ஒப்பிட்டது அல்ல.

அப்புறம், படம் முடிந்ததும் எழுந்து போகாமல் ஆ-விலேயே இன்னும் 12 நிமிடம் காத்திருங்கள். 10 நாட் சரியென்றால் 10:48-க்குக் கப்பல் 304-ஐ ஒட்டித் தெரிய வேண்டும். அந்த 13 நாட் படம் சரியென்றால் 301 வரும்.